கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டதா? கடைக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள்

ஓமலூரிலிருந்து ஒருவர், 8 மார்ச் 2025

"2017-இல் வாங்கிய டெஸ்க்டாப். ஏழாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்சைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் மவுஸ் சொன்னபடி கேட்கிறது. கடையில் காட்டினேன். 'எட்டு வருடம் ஆகிவிட்டது சார், ஆயுள் முடிந்தது, புதிது வாங்கிவிடுங்கள்' என்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு வயதாகுமா? மகள் கல்லூரியில் சேரப் போகிறாள். இந்த நேரத்தில் நாற்பதாயிரம் செலவு செய்ய யோசனையாக இருக்கிறது. ஃபார்மட் செய்தால் போதுமா?"

8 மார்ச், இரவு

ஆயுளைக் கணிக்கக் கடைக்காரர் என்ன ஜோசியரா? புராசஸருக்கு நடை தளர்வதில்லை. 2017-இல் ஒரு கணக்கை எந்த வேகத்தில் போட்டதோ அதே வேகத்தில்தான் இன்றும் போடும். மெதுவாகிப் போனது வேறு ஏதோ ஒன்று. அது எதுவென்று தெரியாமல் ஃபார்மட் செய்வதும் வீண், புதிது வாங்குவதும் வீண்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்று இருந்தால் அதையும் தட்டுங்கள். சிபியு (புராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று பத்திகள் தெரியும். கம்ப்யூட்டர் திணறிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். அடங்கிய பிறகு பார்த்துப் பயனில்லை. எந்தப் பத்தி 100 சதவீதத்தைத் தொட்டு நிற்கிறது என்று எழுதுங்கள். அதுவரை எதையும் தொட வேண்டாம்.

9 மார்ச், காலை

டிஸ்க் 100, சிபியு 8, மெமரி 71 என்கிறார்.

புராசஸர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, டிஸ்க்குக்குத்தான் மூச்சு வாங்குகிறது. டெஸ்க்டாப்பில் வரும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை அந்தத் தடத்துக்கு நகரும் நேரம் தனி. கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளில் விநாடிக்கு நூறு எடுத்துக் கொடுப்பதே பெரும்பாடு. விண்டோஸோ எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கில் கேட்கிறது. எஸ்எஸ்டி என்பது வட்டுக்குப் பதில் சிப்களில் தகவலை வைக்கும் டிஸ்க், அதில் சுழல்வது எதுவும் இல்லை. ஆகவே அந்தக் காத்திருப்பும் இல்லை. விளம்பரத்தில் போடும் 'விநாடிக்கு 550 எம்பி' ஒரு பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது கிடைக்கும் வேகம். உங்கள் கால் மணி நேரத்தைக் குறைக்கப் போவது அது அல்ல, இந்தச் சில்லறைத் துண்டுகளை எடுக்கும் வேகம்.

ஹார்ட் டிஸ்க் போலவே கம்பியில் மாட்டும் சாட்டா வகை 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி விண்டோஸை அதில் போடுங்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி எறிய வேண்டாம். கல்யாண வீடியோவும் புகைப்படங்களும் அதிலேயே இருக்கட்டும்.

9 மார்ச், மதியம்

காலையில் எழுதியதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்க் 100 காட்டினால் அதற்கு வேலை அதிகம் என்று மட்டும் பொருள் இல்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கும் அதையேதான் காட்டும். கெட்டுப்போன ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயன்று அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலம் என்றால் பயமில்லை. மஞ்சளோ சிவப்போ வந்தால் எஸ்எஸ்டி, ரேம் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு முதலில் கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். உள்ளிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தால் மென்பொருள்கூட வேண்டாம், உடனே நகலெடுக்க உட்காருங்கள்.

9 மார்ச், மாலை

ஆத்தூரிலிருந்து ஒரு தம்பி: "எனக்கு ஒவ்வொரு முறையும் ஃபார்மட் செய்ததும் வேகம் வந்துவிடுகிறது. நீங்கள் வீண் என்கிறீர்களே?"

வரும். ஃபார்மட் செய்ததும் கூடவே எழுந்து நிற்கும் மென்பொருள்கள் எல்லாம் ஒழிந்துபோகின்றன. வட்டின் வெளிவிளிம்பில் படிக்கும் வேகம் அதிகம். புதிதாகப் போடும் விண்டோஸ் அங்கே ஒரே இடத்தில் போய் உட்காருகிறது. சில மாதங்களில் பழைய கதைதான். அந்தக் கூட்டத்தை விரட்ட ஃபார்மட் எதற்கு? டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. பிரின்டர் உதவியாளன், பாட்டு கேட்கும் மென்பொருள், என்றோ ஒருநாள் நடந்த வீடியோ கூட்டத்துக்காகப் போட்டது, எல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். தெரிந்தவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். அழிந்துவிடாது, கூப்பிட்டால் வரும்.

என்னிடம் கேட்டால் டிடிபி வேலை செய்பவர்களுக்கு இன்னொரு வியாதி உண்டு. செவ்வாய்ப்பேட்டையில் என் கடையிலும் அதுதான். கல்யாணப் பத்திரிகைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்து கேட்பார்கள் என்று கண்ட எழுத்துருக்களையும் ஆயிரக்கணக்கில் ஏற்றி வைத்திருப்போம். டிசைன் மென்பொருள் திறக்கும்போது அத்தனையையும் எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறக்கும். வருகிற வாடிக்கையாளர்கள் கடைசியில் தேர்ந்தெடுப்பது அதே நான்கைந்து எழுத்துருக்களைத்தான்.

14 மார்ச், இரவு

அம்மாபேட்டையில் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். எஸ்எஸ்டி போட்டிருக்கிறார், 8 ஜிபி ரேம் இருக்கிறது, ஆனாலும் மதியத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது. காலையில் பறக்கிறதாம்.

காலையில் பறந்து மதியத்தில் படுத்தால் சூடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். வீட்டின் முன்கட்டில் இரண்டு தறி. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் புராசஸரின் ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு தட்டிப்போய்க் கம்பளித் துண்டு போலப் படிந்திருந்தது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது, காற்று ஒரு பொட்டுகூட உள்ளே போகவில்லை. இன்டெல் புராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி வரம்பு. அதை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் சிபியு-வைத் தட்டினால் 'ஸ்பீட்' தெரியும். 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓட வேண்டியது, வேலை இருக்கும்போதே 1-க்குக் கீழே இறங்கியிருந்தால் இதுதான் சங்கதி.

சேலத்துக்காரர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு: ஃபேன் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் அறையின் வெப்பத்தைவிடப் புராசஸரைக் குளிராக வைக்க முடியாது. உங்கள் கம்ப்யூட்டர் அறையைவிட 50 டிகிரி கூடுதலாக ஓடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். தை மாதத்தில் அறை 27 டிகிரி, உள்ளே 77. சித்திரையில் ஓட்டு வீட்டு அறை 40 டிகிரி, உள்ளே 90. அதற்கு மேல் பஞ்சும் சேர்ந்தால் அவ்வளவுதான். பொங்கலுக்கு நன்றாக ஓடியது அக்னி நட்சத்திரத்தில் திணறுவதற்கு வைரஸ் காரணம் இல்லை.

சுத்தம் செய்யும் முறை: மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், வீட்டுக்குள் ஊத வேண்டாம். புளோயர் பிடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்; காற்று வேகத்தில் தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். ஈரத் துணி கூடவே கூடாது. ஹீட்சிங்கை, அதாவது அந்த அலுமினியத் தகடுகளைக் கழற்றினால், புராசஸரின் சூட்டை அதற்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு துளி வைக்க வேண்டும். காய்ந்துபோன பேஸ்ட்டின் மேல் அப்படியே திரும்ப மாட்டினால் கழற்றாமலே இருந்திருக்கலாம்.

15 மார்ச்

தூசி படாமல் இருக்கக் கம்ப்யூட்டர் பெட்டியைத் துணி உறை போட்டு மூடி, அதை மேசையின் கதவுள்ள அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கும் குகைப் பகுதி நண்பருக்கு: தூசி படவில்லை, சரி. மூச்சும் விட முடியவில்லையே ஐயா!

6 ஏப்ரல், இரவு

ஏற்காட்டிலிருந்து இறங்கிய கையோடு எழுதுகிறேன். அக்கா வீடு அங்கே. மாமா கொஞ்சம் காபித் தோட்டம் வைத்திருக்கிறார், கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில்.

"மேலே காற்று லேசாயிற்றே, ஃபேன் வேலை செய்யுமா?" என்று முன்பொருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஏற்காடு 1,515 மீட்டர் உயரம். கடல்மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, அந்த அளவுக்கு ஃபேன் வாரிச் செல்லும் சூடும் குறையும். ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், சேலத்தைவிட மேலே எட்டு டிகிரி குளிர்ச்சி. கூட்டிக் கழித்தால் மலைக்காரர்களுக்குத்தான் லாபம். ஹார்ட் டிஸ்க்குக்கும் கவலை இல்லை. அதன் உறையில் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய ஒரு சிறு துளை இருக்கும். பொதுவாக 3,000 மீட்டர் உயரம் வரை ஓடும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். ஏற்காடு அதில் பாதி.

மலையில் எதிரி வேறு. ஈரம். பனி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்து உட்காரும் மாதங்களில் ரேமின் பித்தளை நிறப் பற்களில் கறை ஏறிவிடுகிறது. சுவிட்சைப் போட்டால் திரை வராது, 'பீப், பீப்' என்று கத்தும். மாமா வீட்டில் இந்த முறை அதுதான். ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் பற்களை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டினால் சரி. மதர்போர்டு போய்விட்டது என்று அவரிடம் ஏற்கனவே ஒருவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். விலையும் சொல்லியிருந்தார்.

அங்கே இருப்பவர்கள் கம்ப்யூட்டரை மாதக்கணக்கில் மூடிவைக்க வேண்டாம். தினமும் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூட்டிலேயே உள்ளே உலர்ந்துவிடும்.

7 ஏப்ரல்

நேற்றைய குறிப்புக்கு வால். மார்கழிக் குளிரில் லேப்டாப்பைக் காரில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் ஆன் செய்யாதீர்கள். குளிர்ந்த பொருள் புழுக்கமான காற்றுக்குள் வந்தால் அதன் மேல் நீர் பூக்கும், உள்ளேயும் பூக்கும். மூடியபடியே ஒரு மணி நேரம் விட்டுவையுங்கள்.

இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுத் தப்பித்தோம் என்று இருக்கக் கூடாது. ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கம்பியையும் பிடுங்க வேண்டும். ஃபைபர் இழையில் மின்சாரம் ஓடாது, உண்மை. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில்தானே மாட்டியிருக்கிறது? அந்த வழியாக வந்து, கம்பி வழியாக மதர்போர்டுக்குள் போய்விடும்.

11 மே

ஓமலூர்க்காரர் எஸ்எஸ்டி போட்டுவிட்டார். அரை நிமிடத்துக்குள் எழுந்துவிடுகிறதாம். ஆனால் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் மெமரி 95 காட்டுகிறது, போதுமா என்கிறார்.

போதாது. 4 ஜிபி இன்றைய இணையப் பக்கங்களுக்குப் பற்றாது. ரேமில் இடமில்லாததை விண்டோஸ் டிஸ்க்குக்குத் தள்ளி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஹார்ட் டிஸ்க் இருந்தபோது அந்தப் போக்குவரத்து உயிரை வாங்கியது. எஸ்எஸ்டி வந்ததும் அதே போக்குவரத்து கண்ணில் படாமல் நடக்கிறது. மார்ச்சில் உங்கள் டிஸ்க் 100-இல் நின்றதற்கு ரேம் பற்றாக்குறையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. மெமரி 71 என்றீர்கள், ஆனால் அது பிரவுசரைத் திறப்பதற்கு முன் எடுத்த கணக்கு. ஆகவே ஒரு முறை பார்த்தால் போதாது: எழும்போது ஒரு முறை, வழக்கமான வேலை நடக்கும்போது ஒரு முறை.

இன்னொரு 4 ஜிபி துண்டு வாங்குங்கள். டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ என்று பழைய துண்டின் ஒட்டுத்தாளைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வெட்டு இருக்கும் இடம் வேறு, மாற்றி வாங்கினால் உள்ளேயே போகாது. இரண்டு துண்டுகளாக இருந்தால் இரு தடங்களில் ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் திரைக்கு வேண்டிய நினைவகமும் இதிலிருந்துதான் போகிறது என்பதால் உங்களுக்கு அந்த வேக வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

12 மே

வேகம் கூட்டுவதாகச் சொல்லும் 'ரேம் பூஸ்டர்' வேண்டாம். 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' வேண்டாம். சிதறிய துண்டுகளை ஒரே இடத்தில் சேர்க்கும் 'டீஃப்ராக்' எஸ்எஸ்டிக்கு வேண்டாம். மூன்று பேர் கேட்டதற்கும் சேர்த்து ஒரே பதில்.

1 ஜூன்

தினமும் முறையாக ஷட்டவுன் செய்கிறேன், ஆனாலும் மந்தமாக இருக்கிறது என்கிறார் அழகாபுரம் ஆசிரியர் ஒருவர். அவர் வீட்டு டாஸ்க் மேனேஜரில் 'அப் டைம்' பல வாரங்களைக் காட்டியது. மனிதர் ஆடிப்போய்விட்டார்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் மென்பொருள்கள் மூடப்படும். விண்டோஸின் உட்கருவும் டிரைவர்களும் அப்படியே டிஸ்க்கில் எழுதிவைக்கப்பட்டு மறுநாள் திரும்ப ஏற்றப்படும். அதில் ஏதாவது முரண்டு பிடித்திருந்தால் அந்த முரண்டும் சேர்ந்தே எழுந்து வரும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட். எஸ்எஸ்டி இருந்தால் அந்த வசதியை அணைத்தே வைக்கலாம், பெரிய இழப்பு இல்லை.

22 ஜூன்

சித்தி போன் செய்தார். திரையின் வலது மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்கள்" என்று நிமிடத்துக்கு ஒன்று வருகிறதாம். பயந்துபோய் ஏற்கனவே இருந்த ஆன்டிவைரஸோடு இன்னொன்றையும் பணம் கட்டிப் போட்டுவிட்டார். இரண்டும் ஒவ்வொரு கோப்பையும் போட்டி போட்டுக்கொண்டு சோதிக்க, கம்ப்யூட்டர் நகரவே மாட்டேன் என்கிறது.

வைரஸே இல்லை. ஏதோ ஒரு ராசிபலன் பக்கத்தில் 'அலோ' என்ற பொத்தானைத் தட்டியிருக்கிறார். பிரவுசர் வழியாக அறிவிப்பு அனுப்ப அந்தப் பக்கத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பிரவுசரின் செட்டிங்ஸில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்ற இடத்துக்குப் போய் அறிமுகமில்லாத முகவரிகளை எல்லாம் நீக்கினால் தீர்ந்தது. ஆன்டிவைரஸ் ஒன்றே போதும். விண்டோஸோடு வரும் டிஃபென்டரே வீட்டுக்குத் தாராளம்.

"அந்த ராசிபலன் நன்றாகத்தான் சொல்லியிருந்தது" என்றார் சித்தி.

13 ஜூலை

சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக்காரர் ஒருவர், இணையம் மந்தம் என்று கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறியிருக்கிறார். வங்கிப் பக்கம் மட்டும் அப்போதும் திறக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன்: 2015-இல் நின்றது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பொத்தான் பாட்டரி தீர்ந்தால், பிளக்கைப் பிடுங்கும்போதெல்லாம் தேதி பின்னோக்கி ஓடிவிடும். வங்கிப் பக்கத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைத்துக்கொண்டு கதவைச் சாத்துகிறது. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் பாட்டரி.

27 ஜூலை

பொறியியல் மாணவர் ஒருவர் என் முதல் குறிப்பைப் பிடித்துக்கொண்டார். டிரான்சிஸ்டர்களும் தேயும், 'நடை தளர்வதில்லை' என்பது அறிவியல் அல்ல என்கிறார்.

தேயும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தேய்வு வெளியே தெரியும்போது கம்ப்யூட்டர் திடீரென்று நின்றுபோகும், நீலத் திரை வரும். மெதுவாக ஓடுவதாகத் தெரியாது. வேகத்தைத் தீர்மானிப்பது புராசஸரின் கடிகாரத் துடிப்பு, அது அப்படியேதான் இருக்கிறது. அவர் சொல்லாத ஒரு விலக்கை நானே சொல்கிறேன்: 2018 ஜனவரியில் புராசஸர்களில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியே வந்தன. அவற்றை அடைக்க வந்த திருத்தங்களால் பழைய புராசஸர்களில் சில வகை வேலைகள் உண்மையிலேயே கொஞ்சம் மெதுவாயின. வீட்டில் கணக்கு எழுதுபவருக்குத் தெரியும் அளவுக்கு இல்லை.

14 அக்டோபர்

இன்றோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது. ஓமலூர்க்காரரின் கேள்வி காலையிலேயே வந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். அவருடையது ஏழு. ஒரு தலைமுறையில் கோட்டை விட்டாயிற்று.

ஆக, கடைக்காரர் சொன்ன ஆயுள் இரும்பில் இல்லை, நாட்காட்டியில் இருந்திருக்கிறது. கம்ப்யூட்டர் நாளையும் ஓடும், புதிய ஓட்டைகள் மட்டும் அடைக்கப்படாது. வங்கி வேலை செய்யும் வீட்டில் அதை அப்படியே விட நான் சொல்ல மாட்டேன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டணமின்றி வரும். ஒரு வருட மூச்சு. அதற்குப் பிறகு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்று அந்த ஐ3-இல் நன்றாகவே ஓடும். முதலில் பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். மகளுக்குத் தமிழ்99 தட்டச்சும் அதில் உண்டு. என் டிடிபி மென்பொருள் அதில் ஓடாது என்பதால் நான் மாற முடியாது. கடையின் பழைய கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு அச்சு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

23 நவம்பர், காலை

ரேம் விலை தாறுமாறாக ஏறுகிறது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கான நினைவகத்தின் பக்கம் தொழிற்சாலைகள் சாய்ந்துவிட்டன. இப்போது வாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள், மெமரிப் பத்தி 90-ஐத் தாண்டாவிட்டால் பேசாமல் இருங்கள். கூட இருக்கட்டும் என்று வாங்கும் காலம் இது இல்லை.

23 நவம்பர், இரவு

மாமா மேலேயிருந்து கூப்பிட்டார். கரண்ட் போனால் யுபிஎஸ் கத்திக்கொண்டே உடனே அணைந்துவிடுகிறது, கம்ப்யூட்டரும் கூடவே போய்விடுகிறது. உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பாட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் அதன் கதை முடியும். பாட்டரியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் அக்கா இன்னொன்றும் சொன்னாள்: லேசர் பிரின்டரையும் அதே யுபிஎஸ்ஸில்தான் மாட்டியிருக்கிறார்களாம். தாளைச் சூடாக்க அது ஒரே இழுப்பில் இழுக்கும் மின்சாரத்தை அந்தச் சின்னப் பெட்டி தாங்காது.

பாட்டரியை ஐந்து ரோட்டில் வாங்கி ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் மாமா. அதுவரை பிரின்டரைப் பிடுங்கி நேராகச் சுவரில் மாட்டுங்கள்.